புதுப்பிப்பு: ஏற்காட்டுக்கு எந்த ப்ரொப்பெல்லர்?

சேலம் மூக்கனேரியில் சீறும் 26 சிசி பெட்ரோல் ஹைட்ரோபிளேன் (ரிமோட்டில் ஓடும் மாடல் பந்தயப் படகு) ஏற்காடு ஏரியில் திணறுகிறதே, ப்ரொப்பெல்லரை மாற்றவா, புகை வெளியேறும் பைப்பை வெட்டவா என்று கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது: ப்ரொப்பெல்லர்தான்.

ஏற்காட்டின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, இன்ஜின் பலமும் குறைவு. 67 மி.மீ. ப்ரொப்பெல்லரைச் சுழற்றி, ட்யூன்ட் பைப் (குறிப்பிட்ட வேகத்தில் பலம் கூட்டும்படி நீளம் அமைத்த புகைப் பைப்) கைகொடுக்கும் ஆர்பிஎம்மை எட்ட முடிவதில்லை. அதே பிட்ச் விகிதம் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரத்துக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம்), அதே ஆர்பிஎம் என்றால் சுமை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும், 65 மி.மீ. போட்டாலே சுமார் 14 சதவீதம் குறைகிறது. இப்போது இன்ஜின் அந்த ஆர்பிஎம்மை எட்டி, பைப்பில் ஏறும்போது வரும் அந்தச் சத்தம், அடடா!

பைப்பை வெட்டாதீர்கள். நீளம் குறைந்தால் பைப் கைகொடுக்கும் ஆர்பிஎம் இன்னும் மேலே போய்விடும். காற்று குறைவு என்பதால் ஏற்காட்டில் இறுக்கிய கார்புரேட்டர் ஊசியை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) சேலம் இறங்கியதும் கட்டாயம் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.