அதிபரவளையத் தளத்தில் பரப்பு ≤ நீளம்: ஸ்டோக்ஸ் தேற்றம் மட்டும் போதுமா?

கேள்வி
மேல் அரைத்தளத்தில் (ஒய் > 0) அதிபரவளைய அளவையை (வழக்கமான நீளத்தை ஒய்-ஆல் வகுப்பது) வைத்தால், எந்த வரம்புள்ள பகுதியின் பரப்பும் அதன் எல்லை நீளத்தைத் தாண்டாது. இதை வகையீட்டு வடிவங்களைக் (வளைவின் மேலும் பகுதியின் மேலும் தொகையிடக்கூடிய கோவைகள்) கொண்டே நிறுவ முடியுமா? அதே வழியில் யூக்ளிடியத் தளத்தில் போனால், பரப்பு ≤ (ஆரம்/2) × நீளம் என்பதோடு நின்றுவிடுகிறது (ஆரம்: பகுதியை அடக்கும் வட்டத்தினுடையது). நீளம்² ≥ 4பை × பரப்பு கிடைக்கவில்லை. எங்கே நழுவுகிறது?

பதில் 1
முடியும். பரப்பு வடிவம் டிஎக்ஸ்∧டிஒய்/ஒய்². அதன் மூல வடிவம் (வெளி வகையீடு எடுத்தால் பரப்பு வடிவத்தைத் தருவது) டிஎக்ஸ்/ஒய். வெளி வகையீடு எடுத்தால் −டிஒய்∧டிஎக்ஸ்/ஒய்² வரும். வரிசையை மாற்றினால் குறி சரியாகிவிடும். இந்த அளவையில் டிஎக்ஸின் நார்ம் (அலகு நீளத் திசைகளில் அதன் பெரும மதிப்பு) ஒய். ஆகவே மூல வடிவத்தின் நார்ம் எல்லாப் புள்ளியிலும் 1. ஸ்டோக்ஸைப் போட்டதும் (பகுதியின் மேல் வெளி வகையீட்டின் தொகை = எல்லையின் மேல் மூல வடிவத்தின் தொகை) பரப்பு ≤ நீளம் வந்துவிடும். ந பரிமாணத்தில் 1-க்குப் பதில் 1/(ந−1).

இந்த 1-ஐ இன்னும் குறைக்க முடியாது. அதிபரவளைய வட்டத்தில் பரப்பு/நீளம் = டான்எச்(ஆரம்/2): ஆரம் 1 என்றால் 0.46, 5 என்றால் 0.987.

பதில் 2
யூக்ளிடியத் தளத்தில் (எக்ஸ் டிஒய் − ஒய் டிஎக்ஸ்)/2 என்ற வடிவத்தின் நார்ம் தொலைவு/2. தூரம் போகப்போக வளரும். வரம்புள்ள மூல வடிவம் அங்கே கிடையவே கிடையாது: நார்ம் ≤ க என்றால் எல்லா வட்டத்துக்கும் ஆரம் ≤ 2க ஆகிவிடும்.

வடிவத்தை மாற்ற வேண்டாம். தொலைவை அதன் பெரும மதிப்பால் அடைத்ததுதான் நழுவல். எல்லை ஒரே மூடிய வளைவு என்று கொள்ளுங்கள். ஆதியை அந்த வளைவின் நீளவழிச் சராசரிப் புள்ளியில் வையுங்கள் (பகுதியின் பரப்பு மையத்தில் வைத்தால் அடுத்த படி உடையும்). பரப்பு ≤ ½∫தொலைவு. கோஷி–ஷ்வார்ஸ் போட்டால் ½√(நீளம் × ∫தொலைவு²). சராசரி சுழி என்பதால் விர்டிங்கர் சமனிலி (சராசரி சுழியான சுழற்சிச் சார்பை அதன் வகைக்கெழுவால் அடைப்பது) ∫தொலைவு² ≤ நீளம்³/4பை² என்று தரும். பெருக்கினால் நீளம்²/4பை.

கேட்டவர்
நன்றி, சராசரிப் புள்ளியைத்தான் தவறவிட்டிருக்கிறேன். டிஎக்ஸ்/ஒய்-ஐ மூடிய அதிபரவளைய மேற்பரப்புக்கும் (தளத்தைச் சமஅளவை உருமாற்றங்களால் மடித்துக் கிடைப்பது) இறக்கலாமா?

பதில் 1
கூடாது. அது எக்ஸ் திசை நகர்வுகளிலும், எக்ஸ், ஒய் இரண்டையும் ஒரே நேர் எண்ணால் பெருக்கும்போதும் மாறாது. மற்ற சமஅளவை உருமாற்றங்களில் மாறிவிடும். இரண்டு துளையுள்ள மேற்பரப்பில் மூல வடிவம் இருந்தால், எல்லை இல்லாததால் மொத்தப் பரப்பு 4பை சுழியாக வேண்டும்.

கஸ்ப் (முடிவின்றி நீண்டு மெலியும் முனை) உள்ள, மொத்தப் பரப்பு முடிவுள்ள மேற்பரப்பில் சிக்கல் வேறு. அங்கே மூல வடிவம் உண்டு, ஆனால் வரம்புள்ளது இல்லை. கஸ்புகளை மேலே மேலே ஹோரோசைக்கிளில் (கஸ்பைச் சுற்றிவரும் மூடிய வளைவு) வெட்டிக்கொண்டே போங்கள்: எல்லை நீளம் சுழியை நெருங்கும், உள்ளிருக்கும் பரப்பு குறையாது. அதனால் நீளம்/பரப்பு விகிதம் அங்கே சுழியை நெருங்கும்.