அம்மாவின் கடைமுழுக்கு: குடத்துத் தண்ணீர் கணக்கில் வருமா?

கடைமடைக்காரன் (குத்தாலம் பக்கம்):

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஐப்பசி கடைசி நாளன்று மாயவரம் துலாக்கட்டத்தில், காவிரிப் படித்துறையில், முழுக்குப் போடுகிறவர். (மயிலாடுதுறை என்று பெயர் மாறி எவ்வளவு காலமானாலும் அவருக்கு அது மாயவரம்தான்.) தப்பியது மூன்றே முறை. தங்கச்சி பிறந்த வருஷம், அப்பா போன வருஷம், அப்புறம் 2020, கொரோனா. அந்த மூன்றும் இன்னும் பாக்கி என்பார்.

இந்த ஆவணியில் முழங்கால் ஆபரேஷன். ஈரப் படியில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “விடிகாலையில் போய் இரண்டு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருகிறேன், கொல்லையில் நாற்காலி போட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்” என்றேன். “அது குளியல்டா, முழுக்கு இல்லை” என்று முடித்துவிட்டார்.

வீட்டில் ஊற்றினால் புண்ணியம் உண்டா? இல்லை, அவருக்காக நான் முழுகினால் அவருக்குச் சேருமா? நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனால் நாலு நாளாக அவர் முகம் சரியில்லை.

மாயவரத்து அத்தை:

தம்பி, குடத்தை விடுங்கள். கார்த்திகை ஒன்றாம் தேதி முடவன் முழுக்கு இருக்கிறதே!

சூரியன் துலா ராசியில் இருக்கும் ஐப்பசியில், ஊரார் கழுவிவிட்டுப் போன பாவத்தையெல்லாம் கரைக்கக் கங்கையே காவிரிக்கு வருகிறாள் என்பது ஐதீகம். அதைக் கேட்டு, நடக்க முடியாத ஒருவன் தவழ்ந்தே வந்தானாம். வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் கிடந்து அழுதவனுக்காக எங்கள் ஊர்ச் சிவன் மாயூரநாதர் ஒரு நாள் நீட்டிக் கொடுத்தார். மாதம் பூராவும் முழுகியவர்களுக்குக் கிடைத்த அதே பலன் அவனுக்கும்.

என் மாமியார் சொல்லும் கதை வேறு. நாதசர்மா, அனவித்யாம்பிகை என்று ஒரு தம்பதி. அவர்கள் வருவதற்குள் கடைமுகம், அதாவது ஐப்பசிக் கடைசி நாள் முழுக்கு, முடிந்துபோனது. மறுநாள் விடியுமுன் முழுகச் சொன்னாராம் சுவாமி. அந்த அம்மாள் ஐக்கியமான லிங்கத்துக்கு மாயூரநாதர் கோயிலில் இன்றைக்கும் புடவைதான் சாத்துகிறார்கள். எந்தக் கதையை எடுத்தாலும் சாமி இறங்கி வந்தது தாமதமாக வந்தவர்களுக்குத்தான்.

கடைமுகத்தன்று சுற்றுக் கோயில் சாமிகள் இரண்டு கரையிலும் வந்து தீர்த்தவாரி நடக்கும்போது காலை ஊன்ற இடமிருக்காது. மறுநாள் கூட்டம் குறைவு. நீங்கள் அவருக்காக முழுகுவதும் சேரும். வர முடியாதவர்கள் பெயரைச் சொல்லி ஆளுக்கொரு முழுக்குப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். துபாயில் இருக்கும் பேரனுக்கும் நான்தான் போடுகிறேன், அவனுக்கே தெரியாது.

போர்செட்:

குடத்துத் தண்ணீருக்கு என்ன குறை? 2017 காவிரி புஷ்கரத்துக்கு (பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் நீராடல் விழா), ஆற்றில் தண்ணீர் போதாவிட்டால் என்ன செய்வது என்று துலாக்கட்டத்திலேயே தொட்டி கட்டிப் போர்வெல் தண்ணீர் விட்டார்கள். அதில் முழுகிய என் மாமாவிடம் யாரும் ‘செல்லாது’ என்று சொல்லவில்லை.

ஒன்று மட்டும். ஐப்பசி மழையில் சாக்கடையும் சேர்ந்துதான் வரும். தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் எந்தத் தண்ணீரையும் ஊற்றுங்கள். மேல்படியில் உட்கார வைத்துச் சொம்பால் ஊற்றினாலும் ஆறு ஆறுதானே.

பூம்புகார்வாசி:

சோமகுண்டம், சூரியகுண்டம் துறைமூழ்கிக் காமனைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று தோழி தேவந்தி சொன்னபோது, எங்கள் ஊர்க் கண்ணகி ‘பீடன்று’ (அது பெருமை இல்லை) என்று சொல்லிவிட்டாள். சிலப்பதிகாரத்தில் எனக்குப் பிடித்த இடம் அது. புண்ணியத்துக்கு முழுக்கு எதற்கு?

மாயவரத்து அத்தை:

பீடன்று என்றவள் கதை மதுரையில் எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், தம்பி.

கடைமடைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. முடவன் முழுக்கு என்று நான் வாயெடுத்ததும் “யாரைடா முடவி என்கிறாய்?” என்று பாய்ந்தார். அரை நாள் பேச்சில்லை. சாயங்காலம் மெதுவாக அந்தப் புடவை சாத்தும் லிங்கத்தின் கதையைச் சொன்னேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாதா” என்றாலும், குரல் இறங்கியிருந்தது.

டாக்டரிடம் போனில் கேட்டேன். தையல் ஆறிவிட்டதாம், மேல்படியில் உட்கார்ந்தால் சரி, கீழே ஒரு படிகூட இறங்கக் கூடாது என்றார். ஆகவே கார்த்திகை ஒன்று, மேல்படி, சொம்பு. தொட்டிப் பேச்சையே எடுக்கக் கூடாதாம். அதோடு ஒரு நிபந்தனை. முந்தின நாள் கடைமுகக் கூட்டத்தில் நான் போய் அவர் பெயரில் மூன்று முழுக்குப் போட வேண்டும். பழைய பாக்கிக்காம்.

அத்தை, கார்த்திகை ஒன்றாம் தேதி காலை நாலு மணிக்குத் துலாக்கட்டம் வரை கார் விடுவார்களா?