எஞ்சின் சூடானதும் அடியிலிருந்து 'டொக் டொக்': பேரிங் ஷெல் மட்டும் மாற்றினால் போதுமா?

வண்டி 1.2 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல், 1,10,000 கி.மீ. குளிர்ந்த எஞ்சினில் சத்தம் லேசுதான். சூடேறி ஆயில் இளகியதும் கனத்த 'டொக் டொக்'. 2,000 ஆர்பிஎம்மில் பிடித்து, சட்டென ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

பிஸ்டன் ஸ்லாப்பாக (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது) இருந்தால் சூடானதும் அடங்க வேண்டும். டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்றால் மேலிருந்து மெல்லிய 'டிக் டிக்'தான் வரும். பெட்ரோல் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல்) எஞ்சின் லோடில் இழுக்கும்போது மட்டும் கேட்கும். இது வண்டி நிற்கும்போதே வருகிறது.

ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டராகக் கழற்றிப் பார்த்தாயிற்று (இக்னிஷன் காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகும், வேண்டாம்). 3-வதைக் கழற்றியதும் சத்தம் பாதியாகிறது. ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்தால் மடிப்புகளில் செம்பு நிறத் துகள், காந்தத்தில் ஒட்டவில்லை. ஆக, 3-வது கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்தான். வண்டியை இனி ஸ்டார்ட் செய்வதாக இல்லை.

கேள்வி இதுதான்: எஞ்சினை இறக்காமல், சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தொட்டி) மட்டும் கழற்றி 4 ராடுகளின் ஷெல்களையும் (பேரிங்கின் அரைவட்டத் தகடுகள்) புது ராடு போல்ட்டோடு மாற்றியவர்கள் உண்டா? ஜர்னலில் (ஷெல்லுக்குள் சுழலும் கிராங்க் பகுதி) நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் கிராங்கை லேத்தில் கொடுத்து 0.25 மி.மீ. அண்டர்சைஸ் ஷெல் (தேய்த்த கிராங்குக்கேற்ப உள்விட்டம் குறைந்தது) போட்டுத்தான் ஆக வேண்டும், அது தெரியும். கீறல் இல்லாமல் வெறும் மங்கலாக இருந்தால்? பிளாஸ்டிகேஜில் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி அளக்கும் இழை) எவ்வளவு இடைவெளி வரை ஸ்டாண்டர்டு ஷெல்லோடு விடுவீர்கள்? மெயின் பேரிங்கையும் (கிராங்கைத் தாங்குவது) திறப்பீர்களா? ஆயில் பம்ப்பின் பிக்கப் வலையை எப்படியும் கழுவப் போகிறேன்.