சென்னையிலிருந்து முதல் டைவ்: மாலத்தீவா, அந்தமானா, நம்ம பாண்டிச்சேரியா?

அடையாறு_ஆமை:
ஆபீஸில் இந்த மாதம் மட்டும் மூன்று பேர் "ஸ்கூபா போகலாம்னு இருக்கேன், எங்க போறது" என்று கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள். காற்று டேங்கை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் முதல் டைவை நம்ம கரையில் போடாதீர்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பரில் ஈசிஆர் பக்கம் நான் முதல்முறை இறங்கியபோது, கையைப் பிடித்துக் கூட்டிப்போன பயிற்சியாளரின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. மேலே வந்ததும் இது நமக்கு ஆகாது என்று முடிவுசெய்து நான்கு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் மாலத்தீவு போனேன். அங்கே பா அட்டோல் என்ற பவளத் தீவுக்கூட்டத்தில் ஹனிஃபாரு என்று ஒரு சின்ன விரிகுடா, ஜூனிலிருந்து நவம்பர் வரை மிதவை உயிரிகள் அங்கே வந்து அடைவதால் கொம்புத்திருக்கைகள் (மாண்டா ரே) கூட்டமாக மேய வருகின்றன. வாயைத் திறந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு நேர் எதிரே வந்து, கடைசி நொடியில் சாய்ந்து விலகிப் போயின. இதை ஏன் நான்கு வருஷம் இழந்தோம் என்று படகில் உட்கார்ந்து அழுதேன்.

என் வரிசை இதுதான். முதலில் மாலத்தீவு. இறங்கியதும் விசா கொடுக்கிறார்கள், ரிசார்ட்தான் என்றில்லை, மக்கள் வாழும் தீவுகளில் சாதாரண விடுதிகள் நிறைய வந்துவிட்டன. அடுத்து பாலியின் துலாம்பென். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கிய லிபர்ட்டி என்ற சரக்குக் கப்பலைக் கரையில் ஒதுக்கிவிட்டார்கள், 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது அது நகர்ந்து கடலுக்குள் போய்விட்டது. இப்போது கூழாங்கல் கரையிலிருந்து நடந்தே இறங்கிப் பார்க்கலாம். மூன்றாவது தாய்லாந்தின் சிமிலன், ஆனால் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியிருக்கும்.

காசிமேடு_கச்சான்:
அண்ணா, நவம்பரில் இறங்கினீர்களா? வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டிருக்கும், ஆற்று முகத்துவாரமெல்லாம் திறந்து சேறு முழுக்கக் கடலில் இருக்கும். அந்த மாதத்தில் தண்ணீர் கலங்கல் என்று எங்கள் தெருவில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். உங்களை இறக்கியவர் செய்தது தப்பு, கடல் மேல் பழி போடாதீர்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் நல்ல நாளாகப் பார்த்துப் பாண்டிச்சேரி போய்ப் பாருங்கள். நான் போன மார்ச்சில் பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரை தெளிவாகத் தெரிந்தது. மீன் வந்து தங்கக் கடலடியில் போட்டுவைத்த கான்கிரீட் செயற்கைத் திட்டைச் சுற்றிப் பாரை மீன் கூட்டம், அடியில் களவா மீன், ஒரு பொந்தில் விலாங்கு தலையை நீட்டிக்கொண்டு.

இன்னொன்று, கலங்கிய தண்ணீரில் கற்றுக்கொண்டவன் எங்கேயும் டைவ் போடுவான். கூட வந்தவரை விட்டு விலகாமல் இருப்பது, டேங்கில் மீதிக் காற்றைக் காட்டும் அழுத்தமானியை அடிக்கடி பார்ப்பது, தரையைத் தொடாமல் மிதப்பது எல்லாம் இங்கே தானாகப் படிந்துவிடும். தூத்துக்குடியில் முத்துக் குளித்த காலத்தில் இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள், தங்கச்சி தாலிக்காக அவன் கயிற்றை விடமாட்டான் என்று. இன்றைக்கு ஸ்கூபாவில் 'பட்டி' (buddy, கூட்டாளி) என்று இரண்டு இரண்டு பேராகப் பிரித்து விடுகிறார்களே, அதை நாம் டேங்க் வருவதற்கு முன்பே செய்திருக்கிறோம். இந்தக் கரையில் பிறந்துவிட்டு இங்கே கடல் இல்லை என்று சொன்னால் எனக்குத் தாங்காது.

அடையாறு_ஆமை:
தம்பி, நவம்பரில் போனது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாண்டிச்சேரிக்கும் நான் பிறகு போயிருக்கிறேன், மீன் நிறைய, மறுக்கவில்லை. அது நாம் போட்ட கான்கிரீட், பவளத்திட்டு இல்லை. ஒரு சுவர் முழுக்க உயிரோடு அசைவதைப் பார்ப்பதும் இதுவும் ஒன்றா? மன்னார் வளைகுடாவை இழுப்பீர்கள் என்று தெரியும். 21 தீவுகள், 1986லேயே தேசியப் பூங்கா, எல்லாம் சரி. ஆனால் பாதுகாக்கப்பட்ட இடம், நினைத்தால் டேங்க் மாட்டிக்கொண்டு குதிக்க முடியாது. போக முடியாத இடத்தை எப்படிப் பட்டியலில் வைப்பது?

மாஸ்க்_போதும்:
இரண்டு பேருமே டேங்க் இல்லாமல் கடல் இல்லை என்ற மாதிரிப் பேசுகிறீர்கள், அதற்காகத்தான் வந்தேன். ஆமை சார், நீங்கள் அழுத அந்த ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கே தடை. நீங்கள் பார்த்தது மேலே மிதந்தபடி குழாய் வழியே மூச்சுவிடும் ஸ்நார்கெலில்தான். பசிபிக் தீவு நாடான பலாவுவில் ஜெல்லி மீன் ஏரி, அங்கேயும் டேங்க் கூடாது. பவளத்துக்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும், அதனால் பவளம் செழிப்பாக இருப்பதே பெரும்பாலும் ஆழம் குறைந்த இடத்தில். கீழே போகப் போக முதலில் சிவப்பு நிறம் மங்கிவிடும், பத்து மீட்டரில் சிவப்பெல்லாம் நீலச் சாம்பல், டார்ச் அடித்தால்தான் உண்மையான நிறம். மேலே மிதந்து பார்ப்பவனுக்கு அந்தக் கவலை இல்லை.

ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்று ஒரு பிளவு, வட அமெரிக்க, யூரேசியத் தட்டுகள் விலகுகிற இடம், உருகிய பனி எரிமலைப் பாறைக்குள் வடிகட்டி வருவதால் நூறு மீட்டருக்கு மேல் தெரியும், தண்ணீர் 2 முதல் 4 டிகிரி. அதையும் உடம்பில் தண்ணீர் படாத உலர் உடை போட்டுக்கொண்டு ஸ்நார்கெலில் பார்க்கலாம். எனக்கு அது ஒரு ஆசை.

ஒரே ஒரு வேண்டுகோள், எங்கே போனாலும் பவளத்தின் மேல் நிற்காதீர்கள். ஒரு தீவில் எங்களைக் கூட்டிப்போன படகுக்காரர் பிஸ்கட்டை உடைத்துப் போட்டு மீனைக் கூப்பிட்டார், இருபது பேர் லைஃப் ஜாக்கெட்டோடு மான்கொம்புப் பவளத்தின் மேல் ஏறி நின்று போட்டோ எடுத்தார்கள், காலடியில் அது நொறுங்குகிற சத்தம் தண்ணீருக்குள் எனக்குக் கேட்டது. அன்றைக்கு இரவு தூங்கவில்லை.

வேளச்சேரி_அக்கா:
வணக்கம். எனக்கு 46 வயது, நீச்சல் தெரியாது. பையனுக்கு 11. வீட்டுக்காரருக்கு பிரஷர் மாத்திரை உண்டு. டிசம்பர் லீவில் அந்தமான் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம், "நீச்சல் தெரியாவிட்டாலும் ஸ்கூபா" என்று விளம்பரம் பார்த்தேன். நம்பிப் போகலாமா?

காசிமேடு_கச்சான்:
போகலாம் அக்கா. சுமார் இரண்டு மணி நேர ஃபிளைட், விசா கிடையாது. ஹேவ்லாக்கில், இப்போது சுவராஜ் தீவு என்று பெயர், அறிமுக டைவ் என்று பயிற்சியாளர் ஒருவர் கூடவே வந்து கூட்டிப்போவார், 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பத்து வயதுக்கு மேல் என்பதால் பையனும் போகலாம். இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன்செய்ய வேண்டும், வலித்தால் உடனே சைகை காட்டுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். வீட்டுக்காரருக்கு டாக்டர் கடிதம் வாங்காமல் போக வேண்டாம், படிவத்தில் மறைக்கவும் வேண்டாம். டைவ் முடித்து 18 மணி நேரமாவது விட்டுத்தான் விமானம், அதனால் கடைசி நாளில் டைவ் வைக்காதீர்கள். டிசம்பரில் அங்கேயும் புயல் சின்னம் வந்தால் படகு நின்றுவிடும், ஜனவரிக்குப் பிறகு என்றால் நிம்மதி.

அடையாறு_ஆமை:
அந்தமானை நானும் ஆதரிக்கிறேன், ஆனால் "நீச்சல் தெரியாவிட்டாலும்" என்ற அந்த விளம்பரத்தை முழுக்க எதிர்க்கிறேன். கீழே இருக்கும்போது பயிற்சியாளர் பிடித்திருப்பார், சரி. மேலே வந்து அலையில் ஆடும்போது வாயில் உப்புத் தண்ணீர் போனால், தண்ணீரே பழகாதவர் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பதறுவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் ஏதாவது நீச்சல் குளத்துக்குப் போங்கள் மேடம். ஸ்ட்ரோக் எல்லாம் வேண்டாம், மல்லாந்து மிதக்கவும் முகத்தை நீரில் வைத்து மூச்சு விடவும் வந்தால் போதும்.

மாஸ்க்_போதும்:
இதை வழிமொழிகிறேன். ஸ்நார்கெலுக்கும் இதேதான்.

திருமலை_வளசரவாக்கம்:
எல்லாரும் எங்கட கடலை மறந்திட்டீங்கள். மே மாதம் இங்க பள்ளிக்கூட லீவு, அதே நேரம்தான் இலங்கையின்ர கிழக்குக் கரை அமைதியாகிறது, செப்டம்பர் வரைக்கும் நல்லா இருக்கும். திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக்கு எதிரே ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத்தீவு, 2003இல தேசியப் பூங்காவா அறிவிச்சது, ஆழமில்லாத தண்ணியில கருமுனைச் சுறாக் குட்டிகள் சுத்தித் திரியும், ஒண்டும் செய்யாது. மட்டக்களப்புக்கு வெளியில ஹெர்மிஸ் கிடக்குது, விமானந்தாங்கியாவே திட்டமிட்டு வடிவமைச்ச உலகின்ர முதல் கப்பல், 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் தாழ்த்தினது. 50 மீட்டருக்கும் கீழ, ஆகையால் அது நிறையப் பயிற்சி எடுத்தவைக்கு மட்டும். அதை விடப் பெரிய விசயம், படகுக்காரனோட தமிழிலேயே கதைக்கலாம் அக்கா. பயப்படுற ஆளுக்குத் தன்ர மொழியில ஒருத்தன் "ஒண்டும் இல்லை, மூச்சை மெதுவா விடுங்கோ" என்டு சொல்லுறது எவ்வளவு துணை என்டு எனக்குத் தெரியும்.

அடையாறு_ஆமை:
இது எனக்குத் தோன்றவே இல்லை, நல்ல யோசனை. கப்பல் பேச்சு வந்ததால் சொல்கிறேன், எனக்கு ஒரு கனவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைப் பார்ப்பது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு போட்டது, ஹைகோர்ட் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, கெட்டிக்காரனை நாம் இன்றைக்கும் "எம்டன்" என்கிறோம். அந்த நவம்பரிலேயே இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் வடக்கு கீலிங்கில் தரைதட்டி நின்றுவிட்டது, மிச்சம் இன்னும் அங்கே தண்ணீருக்குள் கிடக்கிறது.

ஆனால் விவாதத்துக்கு வருகிறேன் தம்பி. நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 என்று திரும்பத் திரும்ப வெளுக்கிறது. 2024 வெயிலில் லட்சத்தீவும் வெளுத்தது. கடல் சூடு ஏறினால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு எலும்பு மாதிரி நிற்கும், வாரக்கணக்கில் நீடித்தால் செத்தே போகும். இருக்கும்போதே போய்ப் பார்த்துவிட வேண்டும். கலங்கல் தண்ணீரில் பயிற்சி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரம் இல்லை.

காசிமேடு_கச்சான்:
இந்த ஒன்றில்தான் உங்களோடு முழுக்க மோதுகிறேன். சாகக் கிடக்கிறவரைப் பார்த்துவிட்டு வருவது மாதிரி ஊர் ஊராகப் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பவளத்துக்கு என்ன லாபம்? மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றினோம், 2005 வாக்கில்தான் நின்றது. அதற்குள் 21 தீவில் இரண்டு முழுகிவிட்டன. வான் தீவு தேய்ந்துகொண்டே வந்தது, சுற்றிலும் செயற்கைத் திட்டு இறக்கித்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். நீங்கள் வெறும் கான்கிரீட் என்று சொன்னீர்களே, அதே மாதிரிக் கான்கிரீட். பாக் விரிகுடாவில் 2022இல் கடல்பசுவுக்கென்று 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கினார்கள், அதில், சிக்கிய கடல்பசுவை வலையை அறுத்து விடுவிக்கிற மீனவர்களின் பங்கு இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் வந்தபோது என் மாமா படகு முழுக்கக் கறுப்பு. எங்கள் ஆட்கள் வெறும் கையால் வழித்து எடுத்தார்கள், வாரக்கணக்கில் மீன் விற்கவில்லை. அன்றைக்கு இந்த ஊரில் எத்தனை பேருக்கு அந்தத் தண்ணீருக்குள் என்ன வாழ்கிறது என்று தெரியும்? கீழே ஒருமுறை இறங்கிக் களவாவைக் கண்ணுக்குக் கண் பார்த்தவர் அந்த எண்ணெய்ச் செய்தியைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போகமாட்டார். அதற்காகத்தான் முதல் டைவ் இங்கே என்கிறேன், செலவு குறைவு என்பதற்காக இல்லை.

அடையாறு_ஆமை:
இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். எண்ணெய் வந்தபோது நான் செய்தி படித்தேன், வேறு எதுவும் செய்யவில்லை. அது உண்மை. வான் தீவு விஷயத்தில் கான்கிரீட்டைப் பற்றிச் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். மார்ச்சில் நாள் சொல்லுங்கள், பாண்டிச்சேரிக்கு உங்களோடு வருகிறேன். ஆனால் பயந்த சுபாவமுள்ள ஒருவருக்கு முதல் டைவ் தெளிந்த தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. என்னையே நான்கு வருஷம் தள்ளிவைத்தது அந்தக் கலங்கல்.

காசிமேடு_கச்சான்:
வாங்கண்ணா. காற்று பார்த்துவிட்டு முந்தின நாள் சொல்கிறேன், அதற்கு முன்னால் சொன்னால் அது பொய்.

வேளச்சேரி_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. டிசம்பர் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டோம். எனக்கும் பையனுக்கும் நீச்சல் வகுப்பில் சேர்த்தாகிவிட்டது, இந்த வாரம் பத்து நொடி மிதந்தேன். மே மாதம் நிலாவெளி, ஸ்நார்கெல் மட்டும். ஒரு சந்தேகம், நான் மைனஸ் நாலு கண்ணாடி போடுகிறேன், மாஸ்க்குக்குள் என்ன செய்வது?

மாஸ்க்_போதும்:
பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் விற்கிறார்கள் அக்கா, கிட்டப்பார்வைக்குச் சுலபமாகக் கிடைக்கும். வாங்கும் முன் பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள், கை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு.