டெல்லியில் எழுதும் சட்டம் ரோட்டில் நம்மைத் தொட்ட நேரம்: பைக் ஓட்டுபவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஓசூர் ஸ்பிளெண்டர்

பெங்களூரு–மைசூரு ரோடு விஷயம் எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்ட் 1 முதல் நடு ரோட்டில் பைக், ஆட்டோ, டிராக்டர் எதுவும் ஏறக்கூடாது, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். நான் மாட்டியது அதற்கு அடுத்த மாதம். நஞ்சன்கூடு கோயிலுக்கு அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துப் போய்க்கொண்டிருந்தேன். மத்தூர் தாண்டும் வரை ஒழுங்காகச் சர்வீஸ் ரோட்டிலேயே வந்தோம். ஓரிடத்தில் ரயில் பாலம் வந்ததும் சர்வீஸ் ரோடு முடிந்துவிட்டது. முன்னால் மண்மேடு, அதற்கப்புறம் கரும்பு. இளநீர் விற்ற அம்மா கையைக் காட்டினார்: மேலே ஏறி அடுத்த இறக்கத்தில் இறங்கிவிடு, எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். ஏறினேன். அரை கிலோமீட்டர்கூட இருக்காது. இறங்குமிடத்தில் போலீஸ் நின்றிருந்தார்கள். 500 ரூபாய்.

போனில் பணம் அனுப்பப் பார்த்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பர்ஸில் 200தான். அம்மா ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்த மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று நேர்ந்து முடிந்துவைத்த காசு, ஒரு வருஷமாகச் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. அதிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாளை எண்ணிக் கொடுத்தார். ரசீது கொடுத்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அம்மா மறுபடி அந்தத் துணியை முடிந்தபோது முடிச்சு சின்னதாகிவிட்டது. அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மத்திய அரசின் சட்டம் உங்களை எங்கே தொட்டது?

தேனி மலைப்பாதை

தம்பி, அம்மாவின் காணிக்கைக் காசு என்றதும் மனது கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் அந்தத் தடை சரிதான். தடை வருவதற்கு முன்னால், அதே வருஷம் ஏப்ரலில், நானும் வீட்டுக்காரியும் அதே ரோட்டில் போனோம். ஒரு ஆம்னி பஸ் என் வலது முழங்கையை உரசுகிற மாதிரி தாண்டியது. அது இழுத்த காற்றில் வண்டி ஒரு முழம் தள்ளிப் போனது. பின்னால் இருந்தவள் கத்தக்கூட இல்லை, மூச்சை மட்டும் இழுத்தாள். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

கார் 100இல் போக அனுமதித்த ரோட்டில் 60இல் போகும் பைக் எதற்கு? எந்த வண்டி ஏறலாம், எது கூடாது என்று சொல்ல 2002ஆம் வருஷத்து நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது. டெல்லி–மீரட் விரைவுச்சாலையிலும் பைக்குக்கு இடமில்லை. 2022இல் நம் நாட்டு ரோடுகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு, இருசக்கர வண்டியில் போனவர்கள். அவர்களில் ஒருவராகாமல் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தீர்களே, அது போதும் தம்பி.

விழுப்புரம் 2017

என்னுடையது சின்னது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் பகலிலும் முகப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும் என்று வந்ததே, நான் வண்டி எடுத்தது அந்த மாதம்தான். திண்டிவனம் போவதற்குள் எதிரே வந்தவர்களில் ஐம்பது பேராவது கையை மூடித் திறந்து காட்டியிருப்பார்கள். சிக்னலில் டிவிஎஸ் 50இல் வந்த பெரியவர் ஒருவர் என் ஹேண்டில்பாரைப் பிடித்து அவரே சுவிட்சைத் தேடினார். "சுவிட்ச் வைக்கவே இல்லைங்க ஐயா, சட்டம் அப்படி" என்றேன். "பேட்டரி செத்துடுமேப்பா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் முகம் மறக்கவில்லை. முன்பின் தெரியாதவன் வண்டிக்கு அவ்வளவு கவலை.

கரூர் 47

தேனி அண்ணா, தடை சரி என்றே வைத்துக்கொள்வோம். மாற்று வழியை முழுசாகப் போட்ட பிறகல்லவா தடை வர வேண்டும்? ரயில் பாலத்தில் ரோடு முடிந்தால் ஓசூர் நண்பர் வண்டியைத் தலையில் தூக்கிக்கொண்டா போவார்? கார்க்காரருக்கு ஆறு வழி, நமக்கு மண்மேடு. அம்மாவைப் பத்திரமாகக் கூட்டி வந்தது ரோடு போட்டவர்கள் புண்ணியம் இல்லை.

சரி, என் கதை. புகைக் கட்டுப்பாட்டின் பழைய தரமான பிஎஸ்4 வண்டியை 2020 மார்ச் 31க்குப் பிறகு விற்கவோ பதியவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018லேயே சொல்லிவிட்டது. அதனால்தான் அந்த மார்ச்சில் தள்ளுபடி கொடுத்தார்கள். 20ஆம் தேதி கடனில் வாங்கினேன். பதிவுக்கு 25ஆம் தேதி வரச் சொன்னார்கள். 24 மாலையே 144 போட்டுவிட்டார்கள், அப்புறம் நாடு முழுக்க ஊரடங்கு. வண்டி நம்பர் இல்லாமல் வாசலில் நின்றது.

ஊரடங்கு முடிந்த பிறகு பத்து நாள் தருகிறோம் என்று மார்ச் 27இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஜூலை 8இல் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அன்று ராத்திரி செய்தியில் அது ஓடும்போது அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தறிக்குப் போகிறவர். நான்கு மாதமாகக் காலையில் எழுந்ததும் பழைய துண்டால் அந்த வண்டியைத் துடைப்பார், எங்கேயும் போகாத வண்டியை. "இது ரோட்டுக்கு வராதாப்பா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. மறுநாள் காலையும் துடைத்தார்.

ஆகஸ்ட் 13இல் தீர்ப்பு வந்தது: மார்ச்சுக்குள் விற்று, வண்டிப் பதிவுக்கான வாகன் இணையதளத்தில் ஏற்றியிருந்தால் பதியலாம். ஷோரூமில் ஒரு பையன் 23ஆம் தேதி சாயங்காலமே ஏற்றி வைத்திருந்தான். அவன் பெயர்கூடத் தெரியாது. அவன் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் என் வண்டி இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும். தவணை மட்டும் ஓடியிருக்கும்.

பக்கச்சக்கரம்

இடது காலில் போலியோ. ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டி 2009லிருந்து ஓட்டுகிறேன். லைசென்ஸில் என் வண்டி வகை "இன்வாலிட் கேரேஜ்". உடல் இயலாதவரின் வண்டி என்று அர்த்தம். 1988 மோட்டார் வாகனச் சட்டம் எங்களுக்குக் கொடுத்த பெயர் அது. மகள் மூன்றாவது படிக்கும்போது என் பர்ஸைக் குடைந்து அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். போனில் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டால் செல்லாது என்று சொல்ல வருவதும் அதே எழுத்துள்ள இங்கிலீஷ் வார்த்தைதானே. "அப்பா, உங்க லைசென்ஸ் செல்லாதா?" என்றாள். செல்லும் என்றேன். "அப்ப எது செல்லாது?" என்று கேட்டாள்.

2019 திருத்தத்தில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டு "அடாப்டட் வெஹிகிள்" என்று போட்டார்கள். ஓட்டுபவருக்குத் தகுந்தபடி மாற்றிய வண்டி என்று அர்த்தம். அந்தத் திருத்தம் என்றாலே அபராதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தலைக்கவசம் இல்லாவிட்டால் 1000, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5000. இந்த ஒரு வார்த்தையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்கவில்லை. 2023இல் ஐம்பது வயதானதும் லைசென்ஸைப் புதுப்பித்தேன். புது அட்டை வந்த அன்று மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அப்போது அவள் ஒன்பதாவது. வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பர்ஸில் அவளே வைத்தாள்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒன்று: சக்கரம் மாட்டியதை ஆர்சி புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு என்னை இரண்டு முறை நிறுத்திக் கேட்டார்கள். புத்தகத்தில் இருந்ததால் விட்டார்கள்.

நெல்லை ஆர்எக்ஸ்

1994 மாடல் ஆர்எக்ஸ் 100, மாமா கொடுத்தது. 20 வருஷம் தாண்டிய பைக்குக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 2000 ரூபாய். அதைக்கூடக் கட்டிவிடுவேன். என்னை உறுத்துவது, கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனாலை 20 சதவீதம் கலந்து இப்போது விற்கும் பெட்ரோல். ஐப்பசி மழையில் மூன்று வாரம் வண்டி திண்ணையோரம் நின்றது. கிக்கர் உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். மெக்கானிக் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது, மேலே பெட்ரோல், அடியில் தண்ணீரும் எத்தனாலும். பொருளைக் கண்ணால் பார்த்தால்தான் புரிகிறது.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், கரூர் நண்பர் உட்பட, பிஎஸ்4 வண்டியும் இந்த 20 சதவீதத்துக்கென்று செய்ததில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் மழை மாதத்தில் டேங்கைப் பாதியாக வைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். ஒன்று முழுக்க நிரப்புங்கள், இல்லாவிட்டால் ஒட்ட வடித்துவிடுங்கள். பெட்ரோல் காக் உள்ள வண்டியில் அதை மூடிவிட்டு, தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். பழைய ரப்பர் டியூப் தொட்டால் பிசுபிசுத்தாலோ ஊறிப் பருத்திருந்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள், கசிந்தால் சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். கார்ப்பரேட்டரில் மிதவைக்கு மேல் உள்ள ஊசியின் ரப்பர் நுனியையும் பாருங்கள். டேங்க் மூடியின் வாஷர் போயிருந்தால் மழைத் தண்ணீரே உள்ளே இறங்கும். இரண்டு தலைமுறை பார்த்த மெக்கானிக்கிடம் போங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோலும் பங்கில் வேண்டும் என்று போட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளிவிட்டது. கரும்பு விவசாயிக்குப் பணம் கிடைக்கட்டும், அதில் எனக்குச் சந்தோஷம்தான். என் வண்டிக்கு எது ஊற்றுகிறேன் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கலாம்.

பெருந்துறை அக்கா

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தம்பிதான் ஓட்டுவான். போன வருஷம் சேலம்–கொச்சி ரோட்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். என்ன வண்டி என்று இன்று வரை தெரியாது. தலைக்கவசத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள், வார் மாட்டியபடியே இருந்தது.

அடித்துவிட்டுப் போன வண்டி யாருடையது என்றே தெரியாவிட்டாலும் மத்திய அரசின் திட்டத்தில் நஷ்டஈடு உண்டு என்று ஒரு வக்கீல் சொன்னார். முன்னால் 25,000 இருந்ததை 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமாக ஆக்கியிருக்கிறார்கள். பெரிய காயத்துக்கு 50,000. படிவத்தை நிரப்பி ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மோதின வண்டி நம்பர் எங்கம்மா?" என்றார். தெரியாது, அதற்குத்தான் இந்தத் திட்டம் என்றேன். "நம்பர் இல்லாம எப்படிம்மா வாங்கறது?" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

தேனி மலைப்பாதை

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் உங்களுக்கு உதவலாம். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் போட்ட வழக்கு இன்னும் உச்ச நீதிமன்றத்தில் நடக்கிறது. அதே வழக்கில் 2024 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. விபத்து பதிவாகி ஒரு மாதத்துக்குள் வண்டி எதுவென்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்தத் திட்டத்தில் நஷ்டஈடு கேட்கலாம் என்று காவல் நிலையமே குடும்பத்துக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தக் கடிதம் வந்ததா? வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதைப் படிவத்தோடு இணைத்துக் கொடுத்தால் நம்பர் கேட்க மாட்டார்கள். கரூர் தம்பி, ரயில் பாலம் விஷயத்தில் நீங்கள் சொன்னது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பெருந்துறை அக்கா

கடிதம் எதுவும் வரவில்லை அண்ணா. இப்படி ஒன்று இருப்பதே நீங்கள் சொல்லித்தான் தெரியும். திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன், தம்பி மனைவியையும் கூட்டிக்கொண்டு.