தார்ப்பாய் போட்டு மூடின சைக்கிள்தான் அதிகமாகத் துருப்பிடித்திருக்கிறது, ஏனுங்க?

லைன்வீட்டுக்காரன் (திருப்பூர்):

வணக்கமுங்க. திருப்பூரில் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். கம்பெனிக்குப் போக 6 கிலோமீட்டர், வர 6 கிலோமீட்டர், மூன்று வருசமாகச் சைக்கிள்தான். கியர் எதுவும் இல்லாத சாதா இரும்பு வண்டி, பாதிச் செயின் கவர், ஒயர் பிரேக். எட்டு வீட்டுக்கும் ஒரே சந்து, மாடிப்படிக்கு அடியில் ஏற்கெனவே நாலு பைக் நிற்கிறது, வீட்டுக்குள் ஏற்றினால் நாங்கள் வெளியே படுக்க வேண்டியதுதான். அதனால் காம்பவுண்டுச் சுவரோரம் மண் தரையில், வெட்டவெளியில் நிறுத்துகிறேன்.

தீபாவளி லீவுக்கு ஊருக்குக் கிளம்பின அன்றைக்கு அடைமழை. பாவம் வண்டி நனைகிறதே என்று ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கி, சீட்டிலிருந்து தரை வரைக்கும் சுற்றி, துளி காற்று நுழையாதபடி கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனேன். 11 நாள் கழித்து வந்து பிரித்தால் உள்ளே ஊசிப்போன சோற்றுப் பானை மாதிரி ஒரு வாடை, தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். செயின் செங்கல் நிறம். ஆரக்கம்பிகளில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளைப் புள்ளி. பெடல் முன்னாலும் பின்னாலும் சும்மா சுற்றுகிறது, மிதித்தால் சக்கரம் அசையவே இல்லை.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே சுவரோரம் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி மேலே ஒன்றும் போடாமல் நின்று அத்தனை மழையையும் வாங்கியிருக்கிறது. அதில் செயின் லேசாகப் பழுப்பேறியதோடு சரி! காசு போட்டு மூடின எனக்கு இந்த கதி. அப்படியென்றால் மூடவே கூடாதா? செயினுக்கு என்ன எண்ணெய் விடுவது? இந்த வண்டியைத் தேற்ற முடியுமா, இல்லை பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

கோபிக்காரன்:

தம்பி, அவசரப்பட்டு எடைக்குப் போட்டுவிடாதீங்க. கோபியில் எங்கப்பா சைக்கிள் கடையில் பதினாலு வருசம் பஞ்சர் ஒட்டினவன் சொல்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிகிற வேலை இது.

நீங்கள் ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கட்டும்போதே வண்டி நனைந்திருக்கும், கீழே மண்ணும் நனைந்திருக்கும். மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தாலே மண்ணிலிருந்து ஆவி கிளம்பும், அதற்குப் போக வழியில்லை, ராத்திரி தார்ப்பாய் குளிர்ந்ததும் அதே ஆவி உள்பக்கம் தண்ணீராகப் பிடித்து வண்டி மேலேயே சொட்டும். 11 நாளும் இதே கதை நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நன்றாகத்தான் நனைந்தது, ஆனால் மழை விட்டதும் காற்றில் காய்ந்தும் போனது. எத்தனை மழை பெய்தது என்பதைவிட இரும்பின் மேல் ஈரம் எத்தனை நேரம் நின்றது என்று பாருங்கள், துருவுக்கு அதுதான் கணக்கு.

ஆரக்கம்பியில் இருக்கிற வெள்ளையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கம்பி மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும், காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் அது இப்படி வெள்ளையாகப் பூக்கும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். ரிம்மில் சிவப்புப் புள்ளி இருந்தால் பிரியாணிப் பொட்டலத்துச் சில்வர் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், குரோம் கீறாமல் துரு போகும். ஒன்றை மட்டும் மறக்காதீங்க, பிரேக் கட்டை பிடிக்கிற இடத்தில் எண்ணெய்க் கை படவே கூடாது.

பெடல் சும்மா சுற்றுவது ஃப்ரீவீல் கோளாறு, பின்சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கிற பல்சக்கரம்தான் அது. உள்ளே சின்ன ஸ்பிரிங் வைத்துப் பல் மாதிரி இரண்டு துண்டு இருக்கும், அது எழுந்து நின்றால்தான் சக்கரத்தைப் பிடிக்கும். துருவும் பழைய கிரீஸும் சேர்ந்து அதை மடங்கின மேனிக்கே ஒட்டவைத்திருக்கிறது. வண்டியைச் செயின் பக்கம் மேலே வரும்படி படுக்கப் போட்டு, ஃப்ரீவீலில் சுற்றுகிற பாகத்துக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவில் இருக்கிற கோட்டில் சீமெண்ணெய் விடுங்கள். ரேசனில் சீமெண்ணெய் வாங்கின காலம் மலையேறிவிட்டது, டீசல் விட்டாலும் சரி. கையால் சுற்றிக்கொண்டே இருந்தால் கருப்பாக வடியும். தெளிவாக வடிகிற வரைக்கும் விட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து மெல்லிசான எண்ணெய் பத்துச் சொட்டு. கிரீஸ் வேண்டாம், திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

காங்கேயத்தான்:

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுங்க. எங்க ஊரில் எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை, எங்க தாத்தா அதைத்தான் விட்டார், வண்டி முப்பது வருசம் ஓடியது.

கோபிக்காரன்:

காங்கேயத்து மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளக் கூடாது. தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வையுங்க, செயினுக்கு வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைகிற எண்ணெய் அது, மார்கழிக் காலையில் செயின் முழுக்க மெழுகு பிடித்த மாதிரி நிற்கும். அதோடு நாள்பட்டால் பிசினாகித் தூசியை இழுக்கும். விளக்கெண்ணெய் இன்னும் மோசம். பைக் ஒர்க்‌ஷாப்பில் வடித்த கருப்பு ஆயில் சும்மா கிடைக்கிறது என்று அதை விடுகிறவர்களும் உண்டு, அதில் இரும்புத் தூள் கலந்திருக்கும், செயினுக்கு அரம் போட்ட மாதிரிதான். தாத்தா வண்டி முப்பது வருசம் ஓடியது என்றால் அது தாத்தாவோட கைராசி, தினம் துடைத்திருப்பார்.

புது பைக் இன்ஜின் ஆயில் ஒரு சின்ன பாட்டில் போதும், வருசம் முழுக்க வரும். டபிள்யூ.டி. 40 மாதிரி ஸ்பிரே கையில் இருந்தால் அது தண்ணீரை விரட்டுவதற்கு. பேரிலேயே தண்ணீரை விரட்டும் 40-வது கலவை என்றுதான் இருக்கிறது. அடித்துத் துடைத்த பிறகு எண்ணெய் தனியாக விட வேண்டும், அதை மட்டும் அடித்துவிட்டு ஓட்டினால் நாலு நாளில் கீச்சு கீச்சென்று கத்தும்.

எண்ணெய் விடுகிற முறைதான் முக்கியம். செயினில் ஒவ்வொரு கண்ணியிலும் சுற்றுகிற உருளை இருக்கிறதே, அதன் மேல் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பெடலைப் பின்னால் ஒரு முப்பது சுற்று சுற்றிவிட்டு, வெளியே இருக்கிற எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, வெளியில் இருப்பது மண்ணைப் பிடிக்கத்தான். திருப்பூரில் இருந்துகொண்டு துணிக்குக் கவலையா, பனியன் வேஸ்ட் மாதிரி உறிஞ்சுகிற துணி வேறு ஊரில் கிடைக்காது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் மாதம் இரண்டு முறை.

துரு எடுத்த பிறகு செயினை அளந்து பாருங்கள். கண்ணிகளைக் கோக்கிற ஒரு ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி இருக்கிற ஆணியின் நடு வரைக்கும் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு நூல், அதாவது எட்டில் ஒரு அங்குலம், நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுவது நல்லது, இல்லையென்றால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

காத்தாடி (பல்லடம்):

மூடவே கூடாது என்று இல்லைங்க, பாவாடை கட்டுகிற மாதிரி கட்டாதீங்க என்றுதான் சொல்வேன். ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு எங்க ஊரில் வரிசையாகக் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள், அந்தக் காற்றில் தரை வரைக்கும் தொங்குகிற தார்ப்பாய் பாய்மரம் மாதிரி உப்பி வண்டியையே சாய்த்துவிடும். என் வண்டி இரண்டு தடவை விழுந்து ஹேண்டில் திரும்பியதுதான் மிச்சம்.

இப்போது நான் செய்வது: விசேச வீட்டில் கழற்றிப் போட்ட பிளக்ஸ் பேனர், 7 அடி நீளம், 6 அடி அகலம். மேலே போட்டால் இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடு வரைக்கும்தான் வரும், கீழே ஒரு அடிக்கு மேல் திறந்தே இருக்கும். நாலு மூலையில் ஓட்டை போட்டு, பழைய டியூபை வாராக வெட்டி, இந்தப் பக்கத்து மூலையையும் அந்தப் பக்கத்து மூலையையும் சேர்த்து இழுத்துக் கட்டுகிறேன். கயிறு மாதிரி அறுக்காது, காற்றுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். மழை இல்லாத பகலில் கழற்றிவிட வேண்டும், அதில் சோம்பல்படக் கூடாது. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு செங்கல் அல்லது கடப்பாக்கல் துண்டு வையுங்கள், ஈர மண்ணில் புதைந்து சாயாது. படம் உள்பக்கம் போகிற மாதிரி போடுங்க. நான் முதலில் தெரியாமல் வெளியே வைத்துப் போட்டு, எங்க மாமாவின் முகம் சரியாகச் சீட்டு மேல் வந்துவிட்டது, ஒரு மாதம் என்னோடு பழமை பேசவில்லை.

ஈரோட்டு வெயில்:

எல்லோரும் மழையையே பேசுகிறீர்கள். சித்திரை வெயிலில் நின்ற என் டயர் பக்கவாட்டில் பனைமரத்துப் பட்டை மாதிரி வெடித்துவிட்டது. காற்று குறைந்த டயரை வெயிலில் நிறுத்தினால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். நிழலுக்கு மரத்தடியில் விட்டால் காக்கா எச்சம், அன்றைக்கே கழுவாவிட்டால் பெயின்ட் போய்விடும்.

பொள்ளாச்சி அம்மணி:

திருப்பூரைவிட எங்களுக்கு மழை அதிகங்க. ஆனி, ஆடியில் சாரல் பிடித்தால் நாள் கணக்கில் விடாது, நான் பள்ளிக்கூட வேலைக்குத் தினமும் 4 கிலோமீட்டர் சைக்கிளில் போகிறவள். இரண்டு விசயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று சீட்டு. ரெக்சின் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே ஸ்பாஞ்சு குடித்துவிடும், மேலே துடைத்துவிட்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சேலையெல்லாம் ஈரம். நிறுத்தும்போது மளிகைக்கடைக் கவரைப் போட்டுக் கட்டுகிறேன், வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுவேன்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. சீட்டுக் கம்பி ஃப்ரேமில் இறங்குகிற இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். அது வழியாக மழைத்தண்ணீர் குழாய்க்குள் இறங்கி, பெடல் அச்சு இருக்கிற அந்த உருண்டையில் போய் நிற்கும். வெளியே எத்தனை துடைத்தாலும் அங்கே பால்ரஸ் குண்டுகள் தண்ணீரிலேயே ஊறும். எனக்கு மிதிக்கும்போது கடக் கடக்கென்று சத்தம் வந்துதான் தெரிந்தது. சீட்டை உயரக் குறி வைத்துக்கொண்டு கம்பியோடு உருவி எடுத்துவிட்டு, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். திரும்பப் போடும்போது கம்பியில் கிரீஸ் தடவி, பழைய டியூபில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் வெட்டி அந்த இடுக்கு மேல் இறுக்கமாக மாட்டிவிடுங்கள். கடைக்காரரிடம் சொல்லி உருண்டையின் அடியில் சின்னதாக ஒரு ஓட்டையும் போட்டு வாங்கிவிட்டேன், உள்ளே போனது தானாக வடிந்துவிடும்.

லைன்வீட்டுக்காரன் (திருப்பூர்):

எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன், மதியச் சோறு மூன்று மணிக்கு. கோபி அண்ணன் ஒரு காலை என்று சொன்னது அவர் கைக்கு.

பொள்ளாச்சி அக்கா சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. சீட்டை உருவிக் கவிழ்த்தேன், ஒரு டீ டம்ளர் அளவுக்குத் தேங்காய்ச் சிரட்டை நிறத்தில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் தன் வண்டியையும் கவிழ்த்தார், அதிலும் கால் டம்ளர் வந்தது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஃப்ரீவீலுக்கு டீசல் மூன்று தடவை விட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சுற்றும்போது திடீரென்று டிக் டிக் டிக்கென்று பழைய சத்தம் வந்தது பாருங்க, என் பையன் கை தட்டினான். செயின் அளந்ததில் ஒரு நூலுக்கு மேலேயே நீண்டிருக்கிறது, சம்பளம் வந்ததும் மாற்ற வேண்டும். பிரேக் ஒயர் மட்டும் இன்னும் இறுக்கமாக இருக்கிறது, அதற்கும் எண்ணெய்தானா?

கோபிக்காரன்:

ஆமாம் தம்பி. பிரேக் பிடியிலிருந்து ஒயரைக் கழற்றி, மேல் முனையில் இரண்டு சொட்டு விட்டு, ஒயரை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருங்கள், கீழே வரைக்கும் இறங்கும். உள்கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பின்சக்கரப் பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேரும், பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைச் சாவியில் தடவிப் போடுங்க.

முடிந்தால் சுவரோரம் இரண்டு தகரம் போட்டுச் சாய்ப்பு மாதிரி இறக்கிவிடுங்கள். மேலே கூரை, காற்று வருகிற மேற்குப் பக்கம் மட்டும் ஒரு மறைப்பு, மற்றபடி திறந்து கிடக்கட்டும். அதற்கு மிஞ்சின கவர் எதுவும் இல்லை.

லைன்வீட்டுக்காரன் (திருப்பூர்):

ஓனரம்மாவிடம் கேட்டுவிட்டேன் அண்ணா. தகரம் என் செலவில் போட்டுக்கொள்ளலாமாம். ஆனால் அவர் பேரன் சைக்கிளும் அங்கேதான் நிற்குமாம், வாரா வாரம் அதற்கும் நானே எண்ணெய் விட வேண்டுமாம். சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.