மகிழமரம் மூன்று வருஷமாக அப்படியே நிற்கிறது: தண்ணீரா, உரமா, வேறு ஏதாவதா?

நிழல்தேடி

வீட்டின் மேற்குச் சுவரில் மாலை வெயில் நேராக அடிக்கிறது என்று நிழலுக்காக ஒரு மகிழங்கன்று வைத்தோம். நட்டு மூன்று வருஷம் இருக்கும். ஆளுயரக் கன்றாகத்தான் வந்தது, நர்சரி ஆட்களே குழி தோண்டி நட்டுவிட்டுப் போனார்கள். முதல் வருஷம் நன்றாகத் துளிர்த்தது. அதற்கப்புறம் தண்டு மணிக்கட்டுக் கனத்தைத் தாண்டவே இல்லை. புதிதாக வரும் இலைகள் பழைய இலைகளில் பாதி அளவுதான், இப்போது உச்சியில் சில குச்சிகள் காய்ந்தும் போய்விட்டன.

தண்ணீர் தினமும் தூரிலேயே கொஞ்சம் ஊற்றுகிறேன். தொழு உரம் வைத்தாயிற்று, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் கரைத்து ஊற்றியாயிற்று. மூடாக்கு நல்லது என்பதால் சருகு, வெட்டிய புல் எல்லாம் தண்டைச் சுற்றித்தான் குவிக்கிறேன். காற்றில் ஆடக் கூடாது என்று நட்ட அன்று கட்டிய முட்டுக்கம்பும் அப்படியே இருக்கிறது.

அதே பக்கம் மதில் ஓரமாக வரிசையாக இட்லிப்பூச் செடிகள் இருக்கின்றன, அவையும் மஞ்சளடிக்கின்றன. தோட்ட வேலைக்கு வருபவர், மரத்தின் உச்சியை வெட்டிவிட்டால் பக்கத்தில் சிம்பு வெடித்து அடர்த்தியாகிவிடும், இட்லிப்பூவுக்கு இன்னும் கொஞ்சம் உரம் போட்டால் போதும் என்கிறார். வெட்டலாமா? இல்லை, எடுத்துவிட்டு வேறு மரம் வைக்கலாமா?

பொறுமைசாலி

மகிழம் மெதுவாகத்தான் வளரும், அதன் குணமே அது. மூன்று வருஷத்தில் நிழல் வேண்டும் என்றால் வேறு மரம் வைத்திருக்க வேண்டும். உரத்தை நிறுத்துங்கள், தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள், விட்டுவிடுங்கள். தானாக வரும்.

தூர்பார்ப்பவன்

மேலே சொன்னதில் பாதி சரி. மகிழம் மெதுவாக வளரும் மரம்தான், ஆனால் மெதுவாக வளரும் மரத்துக்கு இலை வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே போகாது, உச்சிக் குச்சி காயாது. அது வேரில் ஏதோ சரியில்லை என்பதற்கான அடையாளம். இலையைப் பார்த்து உரம் போடுவதற்கு முன்னால் தூரைப் பாருங்கள்.

குவித்து வைத்த சருகை ஒதுக்கிவிட்டு, தண்டு மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். நல்லபடியாக நடப்பட்ட மரத்தின் அடி மண்மட்டத்தில் கொஞ்சம் அகன்று, வேர்கள் நாலாபக்கமும் பிரிவது கண்ணுக்குத் தெரியும். விளக்குக் கம்பம் நட்ட மாதிரி தண்டு ஒரே கனத்தில் நேராக உள்ளே போனால், அந்த வேர்க்கழுத்து எங்கோ கீழே புதைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் அகன்று இன்னொரு பக்கம் தட்டையாக இருந்தால் இன்னும் மோசம், அந்தப் பக்கத்தில் ஒரு வேர் தண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருக்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்றால், நர்சரியில் சின்னக் கவரிலிருந்து பெரிய கவருக்கு மாற்றும்போது ஒவ்வொரு முறையும் மேலே கொஞ்சம் மண் ஏறும். அந்த மண்மட்டத்தைத் தரைமட்டமாக வைத்து நட்டால் அப்போதே ஆழம்தான். குழியின் அடியை வேறு கொத்திப் பொலபொலவென்று ஆக்கியிருந்தால், தண்ணீர் விட விட மண் அமுங்கி, கன்று இன்னும் கீழே இறங்கும். அதற்கு மேல் சருகுக் குவியல். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும், தண்டின் பட்டையோ எப்போதும் ஈரத்தில் இருக்கப் பிறந்தது இல்லை. நீங்கள் தினமும் ஊற்றும் தண்ணீர் அந்த இடத்தைத்தான் ஊறவைத்துக்கொண்டிருக்கிறது.

கடப்பாரை, மண்வெட்டி வேண்டாம், பட்டை கிழிந்துவிடும். கையாலோ மழுங்கிய குச்சியாலோ மெதுவாகக் கிளறுங்கள், மண் இறுகியிருந்தால் முந்தின நாள் நனைத்து வையுங்கள். முதல் தடித்த வேர் எத்தனை ஆழத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். அதுவரை எதையும் வெட்ட வேண்டாம்.

காய்ந்த குச்சி எதுவரை காய்ந்திருக்கிறது என்பதை நகத்தால் பட்டையைச் சுரண்டினால் தெரிந்துகொள்ளலாம். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

இலைநோக்கி

நான் இட்லிப்பூவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அது தனிக் கதை. மஞ்சளாவது எந்த இலை? அடியிலிருக்கும் முற்றின இலை முழுசாக மஞ்சளடித்து உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனிக் கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலை போட்டது போலத் தெரிந்தால் இரும்புச்சத்து போய்ச் சேரவில்லை. செடிக்குள் தழைச்சத்து பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகரும், இரும்பு அப்படி நகராது, அதனால்தான் இந்த வித்தியாசம்.

மதில் ஓரம் என்பதால் இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். கட்டட வேலை முடிந்ததும் சிமெண்டுக் கழிவு, சுண்ணாம்புக் காரை எல்லாம் மதிலடியில்தான் போய்ப் புதையும், அதில் மண் காரமாகிவிடும். மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கார அமில நிலை (pH) 7-ஐத் தாண்டி ஏற ஏற அது கரையாத வடிவத்துக்குப் போய்விடுவதால் வேரால் எடுக்க முடியாது. உப்புத்தண்ணீர், கடினத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இந்த நிலையில் 19:19:19 அள்ளிப் போட்டால் ஒன்றும் ஆகாது, அதிலிருக்கும் மணிச்சத்து இரும்பை இன்னும் கொஞ்சம் கட்டிப்போடத்தான் செய்யும்.

உடனே தெளிய வேண்டுமானால் இலைவழியாக இரும்பு தெளிக்கலாம், ஆனால் அடுத்த கொழுந்து மறுபடி மஞ்சளாகத்தான் வரும். வேரில் போடுவதென்றால் இரும்புச் சத்து கொண்ட கீலேட் உரம் (இரும்பு மண்ணில் கரைந்தே இருக்கும்படி செய்த வடிவம்) வாங்குங்கள், அதிலும் ஈ.டி.டி.எச்.ஏ (EDDHA) வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஈ.டி.டி.ஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது. காரைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு மக்கு நிறையச் சேர்ப்பதுதான் நீண்ட நாள் வைத்தியம்.

நிழல்தேடி

இட்லிப்பூவில் கொழுந்துதான் மஞ்சள், நரம்பு பச்சை. அப்படியே நீங்கள் சொன்னதுதான். ஓரிடத்தில் கிளறியதும் செங்கல் துண்டும் காரையும் கையில் வந்தன.

மரத்துக்கு வருகிறேன். சருகுக் குவியலை எடுத்ததுமே தண்டைச் சுற்றி மெல்லிய வெள்ளை வேர்கள் மேல்நோக்கிச் சருகுக்குள் ஏறியிருந்தன, மண்ணுக்குள் இறங்க வேண்டியது மேலே ஏறுகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. கீழே கிளறக் கிளறத் தண்டு நேராகப் போய்க்கொண்டே இருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு சாண் ஆழத்தில்தான் முதல் தடித்த வேர். அதுவும் வெளிப்பக்கம் போகாமல் பெருவிரல் கனத்தில் தண்டை ஒட்டிப் பாதிச் சுற்று சுற்றி வந்திருக்கிறது, அது அழுத்தும் இடத்தில் தண்டு உள்வாங்கியிருக்கிறது. கூடவே கருப்புக் கவரின் விளிம்பு! நட்டவர்கள் அடியை மட்டும் கிழித்துவிட்டு, சுற்றுக்கவரை அப்படியே புதைத்திருக்கிறார்கள். தண்டின் பட்டை அந்த ஆழத்தில் கருத்து ஈரமாக இருக்கிறது, ஆனால் அழுத்தினால் கெட்டியாகத்தான் இருக்கிறது, நாற்றம் இல்லை.

அந்த வேரை வெட்டலாமா?

தூர்பார்ப்பவன்

பட்டை கெட்டியாக இருக்கிறது என்றால் காப்பாற்றலாம்.

நடந்தது இதுதான்: கவருக்குள் இருக்கும்போதே வேர் சுவரில் முட்டி வட்டமடிக்கப் பழகிவிட்டது. மண்ணில் நட்ட பிறகும் அந்த வட்டம் நிமிராது. தண்டும் பருக்கிறது, வேரும் பருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று நெரிக்கின்றன. இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும், அங்கே நெரிபட்டால் மற்ற வேர்கள் பட்டினி. வேர் வலுவிழந்ததும் மேலே இலை சிறுக்கிறது. மேல்நோக்கி ஏறிய வெள்ளை வேர்களும் காற்றைத் தேடிப் போனவைதான். விட்டுவைத்தால் அவையும் நாளைக்குத் தண்டைச் சுற்றும், கத்திரியால் எடுத்துவிடுங்கள்.

சுற்றுவேரை வெட்டத்தான் வேண்டும். பெருவிரல் கனம் ஒன்றும் பெரிதில்லை. தண்டைத் தொடும் இடத்தில் ஆரம்பித்து, அது வெளிப்பக்கம் திரும்பும் இடம் வரை ஒரு துண்டாக எடுத்துவிடுங்கள். தண்டுக்குள் பதிந்துபோயிருந்தால் பிடுங்க வேண்டாம், இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு நடுத்துண்டை அங்கேயே மட்க விடுங்கள், பட்டை உரிந்தால் அதுதான் பெரிய நஷ்டம். கவரைக் கிடைத்தவரை கிழித்து எடுங்கள்.

கவாத்துக்காரர்

ஒரு சாண் ஆழம் என்றால் சுற்றுவேரை எடுப்பதோடு முடியாது. தண்டைச் சுற்றி மண்ணை எடுத்துப் பள்ளமாக வைத்தால் ஒவ்வொரு மழைக்கும் அங்கே குளம் கட்டும். மணிக்கட்டுக் கனம்தானே, என்னைக் கேட்டால் வேரைப் பிடித்திருக்கும் தாய்மண்ணோடு தோண்டித் தூக்கி, வேர்க்கழுத்து தரைமட்டத்துக்கு வருகிற மாதிரி அதே குழியில் மறுபடி வைத்துவிடுவேன். மழைக்காலம் தொடங்கும்போது செய்யுங்கள், கோடையில் வேண்டாம். தண்டின் விட்டத்தைப் போல 10 முதல் 12 மடங்கு அகலத்துக்குத் தாய்மண் எடுக்க வேண்டும், 5 சென்டிமீட்டர் தண்டு என்றால் அரை மீட்டருக்கு மேல், ஆகவே கூட இரண்டு ஆள் வேண்டும். குழியின் அடியைக் கொத்தாமல் கெட்டியாக வையுங்கள், பக்கங்களை அகலமாக இளக்குங்கள். தோண்டிய அதே மண்ணைத்தான் திரும்பப் போட வேண்டும். குழிக்குள் மட்டும் உரமண் நிரப்பினால் வேர் அந்தச் சொகுசிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், வெளியே போகாது.

உச்சியை வெட்டும் யோசனைக்கு வருகிறேன். வேண்டவே வேண்டாம். வேர் குறைந்தால் கிளையையும் குறைக்க வேண்டும் என்று நம் ஆட்கள் வழிவழியாகச் சொல்வார்கள், ஆனால் புது வேர் விடுவதற்கான சாப்பாடும் தூண்டுதலும் இலையிலிருந்தும் நுனிமொட்டிலிருந்தும்தான் வருகின்றன. அதை வெட்டிவிட்டு வேர் வா என்றால் எப்படி வரும்? உச்சி வெட்டிய மரம் அடர்த்தியாவது உண்மைதான், ஆனால் அந்தச் சிம்புகள் பட்டைக்கு மேலோட்டமாக ஒட்டிக்கொண்டு வளர்பவை, பெரிதானதும் காற்றில் பிய்ந்து விழும். காய்ந்ததை மட்டும் எடுங்கள்.

பொறுமைசாலி

சரி, தூரில் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ஆனால் வெட்டின இடத்தில் ஏதாவது பூச வேண்டாமா? தார், பெயின்ட் எல்லாம் பூசிப் பார்த்திருக்கிறேனே.

கவாத்துக்காரர்

பூசுவதால் மரத்துக்கு லாபம் இல்லை. ஆலெக்ஸ் ஷைகோ என்று அமெரிக்க வனத்துறையில் ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்து, காயம் பட்ட இடத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தவர், 1977-ல் அதைப் படங்களோடு வெளியிட்டார். நம் தோல் போல மரம் காயத்தை ஆற்றுவதில்லை, கெட்டுப்போன பகுதியைச் சுற்றி உள்ளேயே தடுப்பு எழுப்பி மூடிவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொண்டு போகிறது. மேலே பூசும் பெயின்ட் உள்ளே நடக்கும் அழுகலைத் தடுப்பதில்லை, ஈரத்தைப் பூட்டி வைத்து அழுகலுக்கு உதவக்கூடச் செய்யும். பழத்தோட்டங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசுவது குறிப்பிட்ட பூசண நோய்களுக்காக, அதையும் இதையும் குழப்ப வேண்டாம்.

எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு மடிப்பு மடிப்பாகத் தெரியும், அதை விட்டுவிட்டு அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். தண்டோடு வழித்து வெட்டினால் காயம் பெரிதாகும், நீளமாகக் குச்சி விட்டு வெட்டினால் அது காய்ந்து உள்ளே அழுகலைக் கொண்டுபோகும். கனமான கிளை என்றால் முதலில் ஓர் அடி தள்ளி அடிப்பக்கம் பாதி அறுத்துவிட்டு, அப்புறம் மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் விழும்போது தண்டுப் பட்டையை உரித்துக்கொண்டு போகும். மிஞ்சும் குச்சியைக் கடைசியில் அந்தப் புடைப்புக்கு வெளியே எடுத்துவிடுங்கள்.

நிழல்தேடி

தூக்கி வைப்பதென்றே முடிவு செய்துவிட்டேன், மழை தொடங்கட்டும். அதுவரை சருகைத் தண்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். முட்டுக்கம்பு? அப்புறம் தண்ணீர் எப்படி?

தூர்பார்ப்பவன்

கம்பை இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டின் அடி பருக்கும், வேரும் பிடிக்கும். மூன்று வருஷக் கட்டு பட்டையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்து அவிழுங்கள். மறுபடி வைத்த பிறகு தானாக நிற்கவில்லை என்றால் மட்டும் இரண்டு கம்பு நட்டு, தண்டின் கீழ்ப்பாதியில் அகலமான துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டுங்கள், ஒரு வருஷத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

புதிதாக வைத்த முதல் சில வாரம் தாய்மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் சில நாள் இடைவெளிவிட்டு நிறைய விடுங்கள், தூரில் இல்லை, கிளைகளின் நிழல் விழும் ஓரத்திலும் அதற்கு வெளியேயும் வட்டமாக. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் 30, 45 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், கிளைப்பரப்பைத் தாண்டியும் ஓடும். தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்துங்கள், நனைந்த மண்ணில் சுலபமாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். ஒரு சாண்கூட இறங்கவில்லை என்றால் இன்னும் விடுங்கள், இறங்கினால் அன்றைக்கு விட வேண்டாம். மூடாக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டைத் தொடாமல்.

இலைநோக்கி

ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. இட்லிப்பூவை வேலிபோல அடிக்கடி மட்டமாகக் கத்தரிக்கிறீர்களா? அது கிளை நுனியில் பூப்பது, மாதாமாதம் நுனியை வெட்டினால் மொட்டையும் சேர்த்துத்தான் வெட்டுகிறீர்கள். ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் வெட்டுங்கள். அடிப்பக்கம் அகலமாகவும் மேலே சற்றுக் குறுகலாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் வெயில் படாமல் அடி மொட்டையாகிவிடும்.